ஸ்மார்ட் சுவிட்ச் பலகையின் தோற்றத்தைப் பதிவு செய்வது எப்படி? குமரி மாவட்டத்தினர் கேட்கும் கேள்விகள்

விளக்கு, மின்விசிறி, மோட்டார், கேட் என வீட்டின் மின்கருவிகள் அனைத்தையும் ஓரிடத்திலிருந்து இயக்கும் ஸ்மார்ட் பலகைகள், களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரி வரை புது வீட்டுச் சுவர்களில் ஏறத் தொடங்கிவிட்டன. மின்னணுப் பாகத்தை வெளியிலிருந்து வாங்கி, முகப்பை மட்டும் அயினி மரத்திலோ பித்தளையிலோ கண்ணாடியிலோ இங்கேயே செய்து பொருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த முகப்பின் தோற்றத்தை அடுத்தவர் நகலெடுக்காமல் தடுக்க முடியுமா என்று கேட்கிறவர்களுக்காக எழுதியது இது. தடுக்க முடியும். ஆனால் எதைத் தடுக்கலாம், எதைத் தடுக்க முடியாது என்பதைப் புரிந்துகொள்ளாமல் விண்ணப்பித்தால் கட்டணம்தான் வீண்.

பலகையின் எந்தப் பகுதிக்குப் பாதுகாப்பு கிடைக்கும்?

கண்ணுக்குத் தெரிவதற்கு மட்டும். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டம் பாதுகாப்பது ஒரு பொருளின் உருவம், அமைப்பு, கோலம், அலங்காரம், கோடுகளும் நிறங்களும் சேர்ந்த தோற்றம் ஆகியவற்றைத்தான். அதுவும் முடிந்த பொருளைப் பார்த்துக் கண் மட்டுமே தீர்ப்புச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் ரிலே, வை-ஃபை சில்லு, வயரிங் முறை, சுவர்ப் பெட்டியில் பொருந்தும் கொக்கி இவையெல்லாம் இந்தச் சட்டத்துக்கு வெளியே. புதிய இயக்கமுறை ஏதாவது கண்டுபிடித்திருந்தால் அதற்குக் காப்புரிமை இருக்கிறது; அது தனிச் சட்டம், தனி விண்ணப்பம், 20 ஆண்டு. கடையின் பெயருக்கும் சின்னத்துக்கும் வணிகக்குறிப் பதிவு. மூன்றையும் ஒரே விண்ணப்பத்தில் முடித்துத் தருவதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பூவேலை எதுவும் இல்லாத வழவழப்பான பலகையைப் பதிவு செய்ய முடியுமா?

முடியும். அலங்காரம் என்றதும் கொடியும் மொட்டும் வேண்டும் என்று நம் ஊரில் நினைத்துக்கொள்கிறார்கள். சட்டம் அப்படி எதையும் கேட்கவில்லை. ஹென்றி டிரெய்ஃபஸ் வடிவமைத்து ஹனிவெல் நிறுவனம் 1953இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வட்டத் தெர்மோஸ்டாட்டில் ஒரு பூ இதழ்கூடக் கிடையாது. அதுவரை பெட்டி போலச் சுவரில் நின்ற கருவி, நடுவில் திருகும் வட்டமாக மாறியது. அந்த உருவமே அதன் அழகு.

கறுப்புக் கண்ணாடிப் பலகைக்கு வேறு சிக்கல் இருக்கிறது. நீள்சதுரக் கண்ணாடி, நான்கு மூலையும் லேசாக உருட்டல், தொடும் இடங்களில் சிறு வட்டங்கள். சந்தையில் உள்ளவற்றில் பெரும்பகுதி இதுதான். உங்களுடையதும் இதுவேயானால், ஏற்கெனவே தெரிந்த வடிவங்களிலிருந்தோ அவற்றின் சேர்க்கையிலிருந்தோ குறிப்பிடத்தக்க அளவு வேறுபடவில்லை என்று 4ஆம் பிரிவைக் காட்டி மறுத்துவிடுவார்கள். மூலை உருட்டலை இரண்டு மில்லிமீட்டர் கூட்டினேன் என்பது வேறுபாடு ஆகாது. விளிம்பில் ஒரு சரிவு, ஒரு பக்கம் மட்டும் தடித்து மறுபக்கம் மெலியும் உடல், தொடும் வட்டங்களை வரிசையாக வைக்காமல் வளைவாக இறக்கிய அமைப்பு என்று, எட்டடி தூரத்தில் நின்று பார்த்தாலும் தெரியும் ஏதாவது ஒன்று வேண்டும். நான் பார்க்கச் சொல்லும் சோதனை இதுதான்: உங்கள் பலகையையும் கடையில் கிடைக்கும் இன்னும் மூன்று பலகைகளையும் பெயரை மறைத்து வரிசையாக வையுங்கள். உங்கள் வீட்டுக்காரர்களுக்கே உங்களுடையது எது என்று சொல்லத் தெரியவில்லை என்றால் பதிவுக்குப் போக வேண்டாம், மறுபடி வரையுங்கள்.

பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகக் கூரையில் உள்ள பூக்களை முகப்பில் செதுக்கியிருக்கிறேன். அது யாருக்கும் சொந்தமில்லைதானே?

பூக்கள் யாருக்கும் சொந்தமில்லை. அதனாலேயே உங்களுக்கும் சொந்தமாகாது. தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த அரண்மனையின் கூரையை உலகமே படம் எடுத்து வைத்திருக்கிறது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. சட்டத்தின் 2ஆம் பிரிவு "அசல்" என்பதை விளக்கும்போது, தன்னளவில் பழையதாக இருந்தாலும் பயன்படுத்தப்படும் விதத்தில் புதியதாக இருப்பதையும் சேர்த்துக்கொள்கிறது. கூரைக்கு இருந்த பூவை ஒரு சுவிட்ச் பலகைக்குக் கொண்டுவந்து, அந்தப் பலகையில் அப்படி ஒரு தோற்றம் இதுவரை இல்லை என்றால், வாதிட இடம் இருக்கிறது.

பாரத் கிளாஸ் டியூப், கோபால் கிளாஸ் வொர்க்ஸ் என்ற இரு நிறுவனங்களின் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இதற்குப் பயன்படும். கண்ணாடித் தகட்டில் கோலம் பதிக்கும் உருளைகளை ஒரு ஜெர்மன் நிறுவனத்திடமிருந்து வாங்கி, அந்தக் கோலத்தைக் கண்ணாடித் தகட்டுக்குப் பதிவு செய்திருந்தார்கள். உருளையின் படம் முன்பே இருந்தது என்று எதிர்த்தரப்பு சொன்னது. அந்தக் கோலம் அதற்கு முன் கண்ணாடித் தகட்டில் வந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று கூறி நீதிமன்றம் பதிவை நிலைநிறுத்தியது. எந்தப் பொருளின்மேல் என்பது அவ்வளவு முக்கியம்.

இதை நம்பி ஒரு பூவை அப்படியே ஒட்டி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. பூவைத் தொடும் இடமாக மாற்றுங்கள், இதழ்களின் எண்ணிக்கையைப் பொத்தான்களின் எண்ணிக்கையோடு பொருத்துங்கள், சுற்றியுள்ள வெற்றிடத்தையும் வடிவத்தின் ஒரு பகுதியாக்குங்கள். அப்போது அது அரண்மனைப் பூவாக இருக்காது, உங்கள் பலகையாக இருக்கும். இதே பதில்தான் வடசேரிக் கோவில் நகைகளின் மாங்காய், அன்னப்பறவை உருவங்களுக்கும்.

திருவள்ளுவர் சிலை, விவேகானந்தர் பாறை படத்தை அச்சிட்டு விற்கலாமா?

விற்பது வேறு, பதிவு செய்வது வேறு. 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடிச் சிலையின் படத்தைச் சாவிக்கொத்திலிருந்து சுவர்க்கடிகாரம் வரை எல்லாவற்றிலும் பார்த்தாயிற்று. சுற்றுலாப் பயணிக்கு விற்கும் பொருளாக அது ஓடும். அதில் தனியுரிமை தேட வேண்டாம்.

பொத்தான்களின் மேல் "அடுக்களை", "முற்றம்", "மச்சு" என்று தமிழில் பொறித்திருக்கிறேன். அதற்கும் பாதுகாப்பு உண்டா?

இல்லை. எழுத்துக்கும் எண்ணுக்கும் உரிமை கோரவில்லை என்று விண்ணப்பத்தில் நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். பொறிப்பதை நிறுத்த வேண்டியதில்லை; வயதானவர்களுக்கு அது பெரிய உபகாரம். உருவமில்லாத வட்டம் நான்கைக் கொடுத்து எது எந்த விளக்கு என்று பாட்டியைத் தடவ விடுவது நல்ல வடிவமைப்பு அல்ல என்பது என் கருத்து.

பலகையில் திரை இருக்கிறது. திரையில் தோன்றும் படக்குறிகளைப் பதிவு செய்யலாமா?

இது இன்னும் முழுதாக அடங்காத விஷயம். உலக அளவில் பொருள்களை வகைப்படுத்தும் லோகார்னோ முறையில் திரைத் தோற்றங்களுக்கும் படக்குறிகளுக்கும் 14-04 என்று ஓர் இடம் இருக்கிறது. இந்தியா 2019இல் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2021இல் நம் விதிகளும் அந்த வகைப்பாட்டை ஏற்றுக்கொண்டன. ஆனாலும் திரையில் தோன்றுவது ஒரு பொருளின்மேல் நிலையாக இருப்பதில்லை, மின்சாரம் போனால் மறைந்துவிடுகிறது என்ற காரணத்தால் விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டிருக்கின்றன. அப்படி ஒரு மறுப்பை 2023இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ரத்து செய்து, மறுபடி பரிசீலிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. சிறு பட்டறைக்காரர் முதலில் பலகையின் உடலைப் பதிவு செய்வதே புத்திசாலித்தனம். திரைக்குத் தனி விண்ணப்பம் பிறகு போடலாம்.

பித்தளை முகப்பு போட்ட பிறகு வை-ஃபை சரியாக எடுப்பதில்லை. வடிவத்தை மாற்றினால் பதிவு என்ன ஆகும்?

கேள்வி பதிவைப் பற்றியதுதான், ஆனால் பித்தளையைப் பற்றி முதலில் பேச வேண்டும். உலோகத் தகடு ரேடியோ அலையை மறைக்கும். பெட்டிக்குள் இருக்கும் ஆன்டெனாவை முழுத் தகட்டால் மூடினால் சிக்னல் சுவரின் பின்பக்கமாகத்தான் போக வேண்டும். தொடுவதை உணரும் பாகமும் கண்ணாடி, அக்ரிலிக், மெல்லிய மரத்தகடு வழியாக வேலை செய்யும். உலோகத்தின் வழியாக வேலை செய்யாது. எனவே பித்தளை முகப்பில் ஒரு ஜன்னல் விட்டே ஆக வேண்டும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: கை படும் உலோக முகப்புக்கு எர்த் இணைப்பு கொடுக்காமல் விட்டால், அது அழகுப் பொருள் அல்ல, ஆபத்து. வீட்டுச் சுவிட்சுகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3854, வடிவமைப்புப் பதிவுச் சான்றிதழைக் காட்டி அந்தச் சோதனையிலிருந்து தப்ப முடியாது.

அந்த ஜன்னலைச் சிக்னலுக்காக மட்டும் ஒரு சதுர ஓட்டையாக வெட்டினால் அது வேலைக்கான ஓட்டை. தோற்றத்துக்கான உரிமையில் அதற்கு எடை இல்லை. அதையே பலகணியின் மரச்சட்டங்கள்போல் சாய்ந்த இடைவெளிகளாகவோ, பிறைகளின் வரிசையாகவோ வெட்டினால், வேலையும் நடக்கும், கண்ணுக்கும் ஒரு வடிவம் கிடைக்கும். நான் பார்த்தவற்றில் நல்ல பலகைகள் இப்படித்தான் பிறந்திருக்கின்றன: ஒரு தொந்தரவை மறைக்காமல் அதையே கோலமாக்கியவை.

முட்டம், குளச்சல், மணக்குடி போன்ற கடலோர ஊர்களுக்கு இன்னொரு சொல். உப்புக் காற்றில் மெருகிட்ட பித்தளை கறுத்து, இடுக்குகளில் பச்சை பூக்கும். நுணுக்கமான செதுக்கல் எவ்வளவு ஆழமோ அவ்வளவு உப்பு அதில் தங்கும். இரண்டு பருவமழையையும் பார்க்கும் மாவட்டம் இது. ஈரக் கையால் தொடும்போது சில தொடு பலகைகள் தாமாகவே விளக்கைப் போட்டு அணைக்கும். ஆழம் குறைந்த, துடைக்க வசதியான வடிவமே இங்கே நிற்கும்.

பதிவைப் பற்றி: பதிவான படத்தில் உள்ள தோற்றத்துக்கு மட்டுமே உரிமை. ஜன்னல் வெட்டிய பிறகு முகப்பு பார்வைக்கே மாறிவிட்டால் புதிய விண்ணப்பம் போடுங்கள். கண்ணில் படாத அளவுக்குச் சிறிய மாற்றம் என்றால் தேவையில்லை.

முகப்பின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டேன். கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாக் கடையிலும் வைத்தேன். இனி பதிவு செய்யலாமா?

பெரும்பாலும் முடியாது. விண்ணப்பத் தேதிக்கு முன் இந்தியாவிலோ உலகின் வேறெந்த நாட்டிலோ பொதுமக்களுக்குத் தெரிந்துவிட்ட வடிவம் புதியது அல்ல. வெளியிட்டவர் நீங்களே என்பது காப்பாற்றாது. கண்காட்சிக்கு 21ஆம் பிரிவில் ஒரு சலுகை இருக்கிறது. ஆனால் அது மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிக்கு. அதிலும் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து, ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். திருவிழாக் கடை அந்தக் கணக்கில் வராது. ரகசியமாக வைத்துக்கொள்ளும்படி சொல்லி ஒருவரிடம் காட்டியதை, அவர் நம்பிக்கைத் துரோகமாக வெளியிட்டால் மட்டும் 16ஆம் பிரிவு கைகொடுக்கும். ஆகவே மாதிரியைக் காட்டும் முன் வாடிக்கையாளரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள். விண்ணப்ப எண் கைக்கு வந்த மறுநாள் ஸ்டேட்டஸ் போடுங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை.

ஏற்கெனவே யாராவது பதிவு செய்திருக்கிறார்களா என்று எப்படிப் பார்ப்பது?

காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் வடிவமைப்புத் தேடல் இலவசம். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் உலகளாவிய தரவுத்தளத்தையும் பாருங்கள். பெயர் போட்டுத் தேடுவதைவிட வகைப்பாட்டு எண்ணைப் போட்டுப் படங்களைப் புரட்டுவது மேல்: சுவிட்ச் போன்ற மின் கட்டுப்பாட்டுக் கருவிகள் 13-03இல் இருக்கும், கம்பியில்லா ரிமோட்டுகள் 14-03இல். சலிப்பான வேலைதான். ஒரு மாலைப் பொழுது போகும்; கட்டணம் மிஞ்சும்.

படங்கள் எப்படி இருக்க வேண்டும்?

விண்ணப்பத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. முன், பின், இடம், வலம், மேல், கீழ், ஒரு சாய்கோணப் பார்வை என ஏழு படங்கள் வழக்கம். கோட்டுப்படமாகவும் இருக்கலாம், புகைப்படமாகவும் இருக்கலாம். ஏழிலும் அதே பொருள் அதே போல இருக்க வேண்டும். முன்பார்வையில் ஐந்து பொத்தான், சாய்பார்வையில் நான்கு என்று வந்தால் ஆட்சேபம் உறுதி. அளவுக்குறியீடு, விளக்க வாசகம், பாகங்களின் பெயர், அம்புக்குறி எதுவும் கூடாது. எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும் வரைபடத்தையே ஏற்றிவிடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

புகைப்படம் என்றால் வெள்ளைப் பின்னணி. கண்ணாடி முகப்பில் படம் எடுப்பவரின் கையும் ஜன்னலும் பிரதிபலிக்கும். அந்த நிழலும் கோலத்தின் பகுதியா என்று பரிசோதகர் கேட்கலாம். மேகமூட்டமான நாளில் வராந்தாவில் வைத்து எடுத்தால் பிரதிபலிப்பு வெகுவாகக் குறையும்.

படங்களோடு புதுமைக் கூற்று ஒன்று வேண்டும்: புதுமை உருவத்தில் இருக்கிறதா, மேற்பரப்புக் கோலத்திலா, இரண்டிலுமா என்று. எல்லாவற்றிலும் என்று எழுதினால் பலம் கூடும் என்பது தப்புக்கணக்கு. பெட்டி பொதுவானது, முகப்புக் கோலம்தான் உங்களுடையது என்றால் அதை மட்டும் சொல்லுங்கள்.

செலவு எவ்வளவு? எங்கே கொடுக்க வேண்டும்? எத்தனை ஆண்டு செல்லும்?

தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் அரசுக் கட்டணம் 1,000 ரூபாய், மற்றவர்களுக்கு 4,000. முகவர் வைத்தால் அவர் கூலி தனி. பரிசோதனை கொல்கத்தாவில் நடக்கிறது, ஆனால் அங்கே போக வேண்டியதில்லை. இணையவழியில் தாக்கல் செய்யலாம். ஆட்சேபம் வந்தால் விண்ணப்பத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் சரிசெய்ய வேண்டும், கேட்டு வாங்கினால் இன்னும் மூன்று மாதம். உரிமை 10 ஆண்டு. அது முடியும் முன் 2,000 ரூபாய், பெரிய நிறுவனமானால் 8,000 ரூபாய், கட்டினால் மேலும் 5 ஆண்டு. அதற்குப் பிறகு வடிவம் ஊருக்குப் பொது.

செதுக்கியவர் ஆசாரி. பணம் கொடுத்தது நான். உரிமை யாருக்கு?

கூலி கொடுத்து உங்களுக்காகவே செய்யச் சொன்ன வடிவம் என்றால் சட்டப்படி நீங்கள்தான் உரிமையாளர். ஆசாரி தானாக உருவாக்கி வைத்திருந்ததைப் பார்த்து நீங்கள் வாங்கினீர்கள் என்றால் அவர்தான். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சண்டை வரும். மயிலாடியில் கல் செதுக்குகிறவரோ வடசேரியில் நகை செய்கிறவரோ தன் கைப்பழக்கத்தில் இருந்த கோலத்தைத்தான் தருவார். அதை முழுக்க உங்கள் யோசனை என்று எழுதிக்கொள்வது நியாயமும் இல்லை. எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். உரிமையை மாற்றிக்கொண்டால் எழுத்தில் இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் பதிவேட்டிலும் ஏற வேண்டும். இருவர் பெயரிலும் சேர்த்து விண்ணப்பிக்கத் தடையில்லை.

பதிவே செய்யாமல் பதிப்புரிமையை நம்பி இருந்தால் போதாதா?

போதாது. வடிவமைப்பாகப் பதிவு செய்யக்கூடிய ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டு, தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளாக உருவாக்கிவிட்டால், பதிப்புரிமைச் சட்டம் 15ஆம் பிரிவின்படி அதன் பதிப்புரிமை முடிந்துவிடும். ஐம்பது பலகை என்பது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் ஆர்டர். ஒரு வரைபடம் வெறும் கலைப்படைப்பா, அல்லது பொருளாக மாறிய வடிவமைப்பா என்பதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று 2025 ஏப்ரலில் கிரையோகேஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த அளவுக்கு வாதாடும் நிலை வருவதைவிட 1,000 ரூபாய் மலிவு.

பதிவுக்குப் பிறகு ஒருவர் நகலெடுத்தால்?

முதலில் வக்கீல் நோட்டீஸ். பல விவகாரங்கள் அதோடு முடிகின்றன. வழக்கு என்றால் 22ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே தொடுக்க முடியாது. எதிராளி "இந்தப் பதிவே செல்லாது" என்று வாதிட்டால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறும். குமரி மாவட்டத்துக்கு அது மதுரைக் கிளை.

சட்டம் சொல்லும் தொகை ஒரு மீறலுக்கு 25,000 ரூபாய்க்கு மேல் இல்லை, ஒரு வடிவமைப்புக்கு மொத்தம் 50,000ஐத் தாண்டாது. இந்தக் காலத்தில் அது வக்கீல் கட்டணத்துக்கே காணாது. அதற்குப் பதிலாக இழப்பீடு கோரியும் விற்பனைக்குத் தடையாணை கோரியும் வழக்குத் தொடரலாம். உண்மையான பலம் தடையாணையில்தான். விற்கும் ஒவ்வொரு பலகையிலும் பதிவு செய்யப்பட்டது என்ற குறியையும் பதிவு எண்ணையும் பொறியுங்கள். பொறிக்காமல் விட்டால், அதற்கான முயற்சிகளை எடுத்தீர்கள் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டிவரும், இல்லாவிட்டால் இழப்பீடு கைநழுவும். பின்பக்கத்தில் பொறித்தாலே போதும். முகப்பைக் கெடுக்க வேண்டாம்.

என் தம்பி அமெரிக்காவில் விற்கலாம் என்கிறான். இந்தியப் பதிவு அங்கே செல்லுமா?

செல்லாது. ஒவ்வொரு நாட்டிலும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இந்தியாவில் விண்ணப்பித்த ஆறு மாதத்துக்குள் அங்கே போனால் இந்தியத் தேதியையே முன்னுரிமையாகக் கோரலாம். அமெரிக்காவில் இதற்கு வடிவமைப்புக் காப்புரிமை என்று பெயர். கோரிக்கை ஒரே ஒரு வாக்கியம்தான், "படத்தில் காட்டி விவரித்தபடி, வீட்டுத் தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவியின் அலங்கார வடிவம்" என்ற பாணியில். மிச்சத்தைப் படங்கள் பேசும். வழங்கிய நாளிலிருந்து 15 ஆண்டு, இடையில் புதுப்பிப்புக் கட்டணம் இல்லை.

ஒரு பெரிய வேறுபாட்டைக் கவனியுங்கள். அங்கே உரிமை கோராத பகுதியைப் புள்ளிக்கோட்டால் வரைந்துவிட்டு, ஒரு விளிம்புக்கோ ஒரு வளையத்துக்கோ மட்டும் உரிமை கேட்கலாம். இந்தியாவில் தனியாகச் செய்து தனியாக விற்கக்கூடிய பாகத்துக்கே பதிவு உண்டு. மாற்றிப் போடும் முகப்புச் சட்டகத்தைத் தனியாக விற்பவர் அதை மட்டும் இங்கே பதிவு செய்யலாம். பலகையோடு ஒட்டிப் பிறந்த விளிம்பை முடியாது. ஒரே படங்களை இரண்டு நாட்டுக்கும் அனுப்பாமல், அங்கே போகும் தொகுப்பைத் தனியாக வரையச் சொல்லுங்கள்.